சிறு துளியை விற்ற கடை: டெஸ்கோ விளம்பரங்களின் கதை

2008 மார்ச்சில் வடக்கு லண்டனின் எசெக்ஸ் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் பக்கவாட்டுச் சுவரில், முகம் காட்டாத தெரு ஓவியர் பேங்க்ஸி ஓர் ஓவியம் வரைந்தார். சுவரில் ஏற்கெனவே ஓடிய மின்குழாய்தான் கொடிக்கம்பம். அதில் ஏறுவது பிரிட்டனின் பெரிய மளிகைக்கடைத் தொடரான டெஸ்கோவின் பிளாஸ்டிக் பை. கீழே இரண்டு குழந்தைகள் நெஞ்சில் கை வைத்து அதற்கு வணக்கம் செலுத்துகிறார்கள். ஓவியத்தின் பெயர் 'வெரி லிட்டில் ஹெல்ப்ஸ்'.

டெஸ்கோவின் விளம்பர வாசகம் 'எவ்ரி லிட்டில் ஹெல்ப்ஸ்'. ஆங்கிலத்தில் முதல் எழுத்தை மட்டும் உருவிவிட்டால் 'ஒவ்வொரு சிறு உதவியும் உதவிதான்' என்பது 'உதவுவது வெகு சொற்பம்' என்று மாறிவிடும். இந்தக் கிண்டல் எடுபட வேண்டுமானால் தெருவில் போகிறவர் எல்லோருக்கும் மூல வாசகம் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் அது தெரியாதவர் அநேகமாக இல்லை. ஒரு மளிகைக்கடையின் மூன்று சொற்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்தன என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னால் அந்தக் கடை எதையெல்லாம் சொல்லிப் பார்த்தது என்று தெரிய வேண்டும்.

ஜாக் கோஹன் கிழக்கு லண்டன்காரர், போலந்திலிருந்து வந்த யூதத் தையல்காரரின் மகன். முதல் உலகப்போர் முடிந்து படையிலிருந்து வெளியே வந்தபோது கையில் கிடைத்த 30 பவுண்டைக் கொண்டு, ராணுவ உணவுக் கிடங்கில் மிஞ்சிய சாமான்களை வாங்கி 1919-ல் ஹாக்னி சந்தையில் கடை போட்டார். முதல் நாள் விற்பனை 4 பவுண்ட், லாபம் 1 பவுண்ட். 1924-ல் டி.இ. ஸ்டாக்வெல் என்ற தேயிலை வியாபாரியிடம் மொத்தமாக வாங்கிய தேயிலைக்குப் பெயர் தேவைப்பட்டது. ஸ்டாக்வெல் பெயரின் 'டெஸ்', கோஹன் பெயரின் 'கோ'. ஆக, டெஸ்கோ என்பது கடைக்கு முன்னால் ஒரு தேயிலைப் பொட்டலத்தின் பெயர்.

சந்தைக்கடைக்காரருக்கு விளம்பரம் என்பது தன் தொண்டைதான். கோஹனின் வியாபாரத் தத்துவமும் அந்தத் தொண்டையிலிருந்து வந்ததுபோலவே இருக்கும்: 'பைல் இட் ஹை, செல் இட் சீப்'. மலையாய்க் குவி, மலிவாய் வில். இதை யாரும் காசு கொடுத்து எழுதி வாங்கவில்லை. கடைக்காரர் தனக்கும் தன் ஆட்களுக்கும் சொல்லிக்கொண்டது. ஆட்களுக்கென்று டை ஊசி ஒன்றும் செய்து கொடுத்தார், அதில் ஒய்.சி.டி.பி.எஸ்.ஓ.ஒய்.ஏ. என்று எழுத்துகள் இருக்கும். விரித்தால், பிட்டம் தேய உட்கார்ந்திருந்தால் வியாபாரம் நடக்காது என்று பொருள். அசல் இன்னும் கொச்சை.

இந்தக் கடை மலிவு என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அதே பெயர்தான் அடுத்த 70 ஆண்டுக்கு அதன் பலமாகவும் பாரமாகவும் இருந்தது. மலிவு என்ற சொல்லுக்கு எந்த மொழியிலும் இரண்டு முகம் உண்டு. காசு மிச்சம் என்பது ஒன்று, சரக்கு மட்டம் என்பது இன்னொன்று.

மலிவாக விற்க ஆசைப்பட்டாலும் அன்றைய பிரிட்டனில் எல்லாவற்றிலும் அது முடியாது. பல பொருட்களுக்கு உற்பத்தியாளர் வைத்ததுதான் விலை, கடைக்காரர் அதற்குக் கீழே விற்றால் சரக்கு வருவது நின்றுவிடும். இந்த ஏற்பாட்டை எதிர்த்துக் கோஹன் பலமாகக் குரல் கொடுத்தார், 1964-ல் சட்டமே மாறியது. அதற்குச் சற்று முன்னால் 1963-ல் அவர் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்திருந்தார். வேறொரு நிறுவனம் நடத்திய கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப்தான் அது. ஆறு பென்ஸுக்குச் சாமான் வாங்கினால் பசையுள்ள ஒரு சின்னப் பச்சை ஸ்டாம்ப் கிடைக்கும். வீட்டுக்குப் போய் நாக்கால் நனைத்து ஒரு புத்தகத்தில் ஒட்ட வேண்டும், ஒரு புத்தகம் நிறைய 1,280 ஸ்டாம்ப். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்துவிட்டுத் வாணலி முதல் கடிகாரம் வரை பட்டியலில் உள்ள ஏதாவதொன்றை வாங்கிக்கொள்ளலாம். விலையைக் குறைக்கவில்லை, ஆனால் குறைத்த மாதிரி. சைன்ஸ்பரிஸ் போன்ற போட்டி மளிகைக்கடைகள் இந்த ஸ்டாம்பைக் கடுமையாக எதிர்த்தன. மக்களோ ஒட்டித் தள்ளினார்கள். இரட்டை ஸ்டாம்ப், மும்மடங்கு ஸ்டாம்ப் என்று டெஸ்கோ கடைகளின் கண்ணாடி முழுக்கச் சுவரொட்டியாகி, உள்ளே என்ன விற்கிறார்கள் என்பதே தெரியாத நிலை வந்தது.

1970-களின் பணவீக்கம் இந்த விளையாட்டை முடித்தது. 1975-ல் விலைவாசி ஒரே ஆண்டில் 24 சதவீதம் போல ஏறியது. வாரச் சாமான் வாங்கவே திணறுகிறவருக்கு ஆறு மாதம் கழித்து வரப்போகும் கடிகாரம் எதற்கு? இப்போதே நாலு காசு குறைத்தால் போதும். ஸ்டாம்புக்காக டெஸ்கோ செலவழித்ததோ ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்ட். அதை அப்படியே விலைக்குறைப்பில் போட்டால் என்ன என்று கேட்டார் நிர்வாக இயக்குநர் இயன் மக்லாரின். கோஹனுக்கு ஸ்டாம்ப் என்றால் உயிர், அவர் ஒப்பவில்லை. இயக்குநர் குழுவே பிளந்து நின்று, மிகச் சிறிய பெரும்பான்மையில்தான் முடிவு நிறைவேறியது.

அப்புறம் நடந்ததை நான் டெஸ்கோவின் மிகச் சிறந்த விளம்பரம் என்பேன். அதில் வாசகமே இல்லை. 1977 ஜூனில், அரசியின் வெள்ளிவிழா விடுமுறையை ஒட்டிக் கடைகளை மூடினார்கள். சுவரொட்டிகள் ஒட்டிக்கிடந்த கண்ணாடிகளை வெள்ளைச் சாயம் பூசி மறைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று நாடு முழுக்கப் பேச்சு. ஜூன் 9 அன்று கடைகள் திறந்தபோது ஸ்டாம்ப் போயிருந்தது, விலைகள் சரிந்திருந்தன. 'ஆபரேஷன் செக்அவுட்' என்று பெயர். கூட்டம் நெரிந்ததில் கிடங்குகளிலிருந்து கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஏற்பாடே திணறிப்போனது. மளிகைச் சந்தையில் 8 சதவீதத்துக்கும் கீழே இருந்த டெஸ்கோவின் பங்கு ஓர் ஆண்டுக்குள் 12-ஐ ஒட்டி வந்தது. சைன்ஸ்பரிஸ் பதிலுக்கு 1978 ஜனவரியில் 'டிஸ்கவுண்ட் 78' என்று இறங்க வேண்டியதாயிற்று.

ஸ்டாம்ப் நிறுவனத்தை நடத்திய ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் முன்யோசனைக்காரர். நிறைந்த ஸ்டாம்ப் புத்தகத்துக்குப் பட்டியல் பார்த்துப் பொருள் கொடுத்த தன் கடைகளை, ஸ்டாம்ப் இல்லாமல் நேரே காசுக்கு விற்கும் ஆர்கோஸ் கடைகளாக 1973-லேயே மாற்றத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் வந்தது, மரியாதை வரவில்லை. 1980-கள் முழுக்க மக்லாரின் ஊருக்குள் இருந்த குறுகலான பழைய கடைகளை மூடி, ஊருக்கு வெளியே கார் நிறுத்த வசதியோடு பெரிய கடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கடை மாறிவிட்டது, ஆனால் மக்கள் மனத்தில் இருந்த படம் மாறவில்லை. எதிரே சைன்ஸ்பரிஸ், 'நல்ல உணவு சைன்ஸ்பரிஸில் விலை குறைவு' என்ற தன் நெடுநாள் வாசகத்தில் தரம், விலை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி நடுத்தர வர்க்கத்தைக் கைக்குள் வைத்திருந்தது.

1990-ல் லோ ஹோவர்ட்-ஸ்பிங்க் என்ற விளம்பர நிறுவனம் நடிகர் டட்லி மூரை டெஸ்கோவின் கொள்முதல்காரராக ஆக்கியது. பிரெஞ்சுப் பண்ணைக்கோழி தேடி அவர் உலகம் சுற்றுவார். கோழி கைக்குச் சிக்காது. தேடிப் போன வழியில் ஒயின், பழம் என்று வேறு நல்ல சரக்கு கிடைத்துவிடும். ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு பொருள். 'தரத்தைத் தேடி' என்பதுதான் சொல்ல வந்தது, ஆனால் தரம் என்ற சொல்லைச் சுமக்காமல் சிரிக்கவைத்தே சொன்னார்கள். டெஸ்கோவிலும் நல்ல சாமான் இருக்கும்போல என்று ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது சைன்ஸ்பரிஸின் விளையாட்டு. அந்த மைதானத்தில் இரண்டாம் இடம்தான் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து பொருளாதார மந்தம் வேறு. ஜெர்மனியின் மலிவு விலைக் கடையான ஆல்டி 1990-ல் பிரிட்டனில் கால் வைத்துவிட்டது. மலிவு வேண்டுமா, அங்கே போ. தரம் வேண்டுமா, சைன்ஸ்பரிஸ் போ. டெஸ்கோவுக்கு எதற்குப் போவது?

1992-ல் டெரி லீஹி சந்தைப்படுத்தல் இயக்குநரானார். சைன்ஸ்பரிஸைப் பார்த்து எழுதுவதை நிறுத்திவிட்டு, வாங்க வருகிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்போம் என்பது அவர் வாதம். கேட்டால் கிடைத்த பதில்கள் ரொம்பச் சாதாரணம்: வரிசை நீளம், ட்ராலி இழுத்த பக்கம் வராது, குழந்தைக்குத் துணி மாற்ற இடமில்லை. யாருடைய தொலைக்காட்சி விளம்பரத்திலும் வருகிற சமாச்சாரமா இது? 1993-ல் வந்த 'எவ்ரி லிட்டில் ஹெல்ப்ஸ்' இந்தச் சாதாரணத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

வாசகம் புதியதல்ல, பழைய ஆங்கிலப் பழமொழி. நம் வாயில் உடனே வருவது 'சிறு துளி பெருவெள்ளம்'. இரண்டும் ஒன்று என்றுதான் தோன்றும், ஆனால் நம்முடையது துளியில் தொடங்கி வெள்ளத்தில் போய் நிற்கிறது. ஆங்கிலப் பழமொழி துளியோடு நின்றுகொள்கிறது, பெரிதாக எதையும் உறுதி சொல்வதில்லை. அந்தப் பழமொழிக்குக் கடலில் சிறுநீர் கழித்த கிழவியைப் பற்றிய ஒரு கொச்சையான வாலும் வழக்கில் உண்டு. 'ஏதோ நம்மால் ஆனது' என்கிற அந்த அடக்கம்தான் இங்கே சரக்கு. 'நாங்களே மலிவு', 'நாங்களே சிறப்பு' என்று கடைகள் மார்தட்டும் இடத்தில், 'சின்னதாக ஒரு உதவி' என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

அதோடு இந்த மூன்று சொல்லுக்குள் எதையும் வைக்கலாம். விலையைக் குறைத்தாலும் பொருந்தும், வரிசையைக் குறைத்தாலும் பொருந்தும். 1993-லேயே வெள்ளையில் நீலக்கோடு போட்ட மொட்டை உறையோடு 'டெஸ்கோ வேல்யூ' சரக்குகள் வந்தன. 'இது மலிவு, பாருங்கள்' என்று அந்த உறையே கூவும். 1994-ல் 'ஒன் இன் ஃபிரண்ட்': பில் போடும் இடத்தில் உங்களுக்கு முன்னால் ஒருவருக்கு மேல் நின்றால் இன்னொரு கல்லாவைத் திறப்போம் என்ற உறுதி. இதைச் சொல்வது எளிது, செய்ய ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். கடை ஊழியர்களுக்கும் ஐந்து வரியில் ஒரு பட்டியல் சொல்லித் தரப்பட்டது, எல்லாம் வாங்க வருகிறவர் வாயால் சொல்வதுபோல. நடைபாதை அடைசலின்றி இருக்கிறது, வேண்டியது கிடைக்கிறது, விலை நன்றாக இருக்கிறது, வரிசையில் நிற்பதில்லை, ஊழியர்கள் அருமை. விளம்பர வாசகம் இங்கே வேலைக் குறிப்பாக ஆகிவிட்டது. கோஹனின் 'மலையாய்க் குவி'க்குப் பிறகு இது இரண்டாவது முறை.

பார்வையாளருக்கு இதைக் கொண்டுபோனவர் 'டாட்டி'. 1995 முதல் சுமார் 10 ஆண்டு பிரூனெல்லா ஸ்கேல்ஸ் நடித்த பாத்திரம். மகளாக ஜேன் ஹாராக்ஸ், அம்மாவின் பின்னாலேயே கூச்சத்தில் நெளிந்துகொண்டு வருவார். டாட்டி எதிலும் குறை காண்கிற, கடைக்காரர் பார்த்தாலே ஒளிந்துகொள்ளத் தோன்றுகிற வாடிக்கையாளர். சொன்னதைச் செய்வீர்களா என்று ஒவ்வொரு உறுதியையும் சோதித்துப் பார்ப்பார், ஊழியர் முகம் சுளிக்காமல் செய்துகொடுப்பார். கடை தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளாமல், கடையைச் சோதிக்கிறவரைக் கதாநாயகியாக்கியது கெட்டிக்காரத்தனம். 2000-ல் பிரிட்டன் விளம்பரத் துறையின் பயன்விளைவுக்கான பெரும்பரிசு இந்தப் பிரச்சாரத்துக்குக் கிடைத்தது. விளம்பரக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளும் பரிசுதான் என்றாலும், இந்த முறை கல்லாவும் அதையே சொன்னது. 1995-ல் டெஸ்கோ சைன்ஸ்பரிஸை முந்தி நாட்டின் முதல் மளிகைக்கடை ஆகியிருந்தது.

அந்த வெற்றியில் பாதியை, வாடிக்கையாளர் கார்டான கிளப்கார்டுக்குக் கொடுக்க வேண்டும். 1995 பிப்ரவரியில் நாடு முழுக்க வந்தது, வாங்கும் தொகைக்கு ஏற்பப் புள்ளி. 'இது மின்சார கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப்' என்று சைன்ஸ்பரிஸ் தரப்பில் நக்கலடித்தார்கள், அடுத்த ஆண்டே தாங்களும் ஒரு கார்டு கொண்டுவந்தார்கள். நக்கலில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஸ்டாம்புக்கு ஒட்டியவர் யாரென்று தெரியாது, கார்டுக்குத் தெரியும். சோதனை ஓட்டத்தின் விவரங்களை, அவற்றை அலசிய டன்ஹம்பி நிறுவனத்தார் இயக்குநர் குழுவுக்குக் காட்டியபோது, 30 ஆண்டில் எனக்குத் தெரியாதது மூன்று மாதத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே, அதுதான் பயமாக இருக்கிறது என்று மக்லாரின் சொன்னது வியாபாரப் பள்ளிகளில் இன்றும் ஓடுகிற கதை. அதுவரை எல்லோருக்கும் ஒரே கத்தல். இனி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தள்ளுபடிச் சீட்டு, தபாலில்.

2000-களில் டெஸ்கோ வளர்ந்த வளர்ச்சியில் அந்த அடக்கமான வாசகம் பொருந்தாமல் போயிற்று. பிரிட்டனில் சில்லறைக் கடைகளில் செலவாகும் ஒவ்வொரு 8 பவுண்டிலும் 1 டெஸ்கோவுக்குப் போகிறது என்று பேசப்பட்ட காலம். தெருமுனைக் கடைகள் அழிகின்றன, பால் கறப்பவர் கழுத்து நெரிபடுகிறது என்று எதிர்ப்புகள். டெஸ்கோவின் ஏகபோகம் என்ற பொருளில் 'டெஸ்கோபொலி' என்றே ஓர் இயக்கம் கிளம்பியது. 'சின்னதாக ஒரு உதவி' என்று சின்னக் கடைக்காரர் சொல்லலாம். ராட்சசன் சொன்னால் நக்கலாகக் கேட்கும். பேங்க்ஸி பிடித்தது இந்த இடத்தைத்தான். 2011-ல் பிரிஸ்டலின் ஸ்டோக்ஸ் கிராஃப்ட் பகுதியில் புதிதாகத் திறந்த டெஸ்கோ கடையை ஒட்டிக் கலவரம் வெடித்தபோது இன்னொன்று செய்தார்: டெஸ்கோ வேல்யூ சீட்டு ஒட்டிய பெட்ரோல் குண்டு, அச்சுப்படமாக. அந்த நீலக்கோட்டு உறையை இவ்வளவு நன்றாக வேறு யாரும் விளம்பரப்படுத்தவில்லை.

விளம்பரங்களும் தடுமாறின. 2007 கிறிஸ்துமஸுக்கு ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுக்குழுவினர் வந்து போனார்கள். 2008 மந்தத்தில் 'பிரிட்டனின் மிகப் பெரிய டிஸ்கவுண்டர்' என்று சொல்லிப் பார்த்தார்கள். அதைச் சொன்னதிலேயே ஆல்டி, அதேபோன்ற இன்னொரு ஜெர்மன் மலிவுக்கடையான லிடில் மீதான பயம் தெரிந்துவிட்டது. 2011 செப்டம்பரில் 'பிக் பிரைஸ் டிராப்', 50 கோடி பவுண்ட் மதிப்பிலான விலைக்குறைப்பு. 1977-ஐ நினைவுபடுத்தும் முயற்சி, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இந்த முறை பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை. கிறிஸ்துமஸ் விற்பனை படுத்தது. 2012 ஜனவரியில், 20 ஆண்டில் முதல் தடவையாக, லாபம் குறையும் என்று பங்குதாரர்களுக்கு எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

2013 ஜனவரியில் குதிரை இறைச்சி. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்ததில் டெஸ்கோவின் ஒரு மலிவு ரக மாட்டிறைச்சி பர்கரில் 29 சதவீதம் குதிரை இருந்தது. உடனே நாளிதழ்களில் முழுப்பக்கம், தலைப்பு 'மன்னிப்புக் கேட்கிறோம்'. நேரடியான, நல்ல விளம்பரம். அடுத்த மாதமே ஆசை விட்டதா? 'பர்கர்கள் எங்களுக்குக் கற்றுத்தந்தது' என்று இரண்டு பக்கத்தில் ஒன்று. இது எங்களுடைய பிரச்சினை மட்டுமல்ல, உணவுத் துறை முழுவதற்கும் உள்ளது என்ற தொனி அதில் இருந்தது. மற்றக் கடைகளை நியாயமின்றி இழுக்கிறது, திசைதிருப்புகிறது என்று விளம்பரத் தர ஆணையம் செப்டம்பரில் அதைத் தடை செய்தது. மன்னிப்பில் கூட ஒரு சொல் அதிகமானால் கெட்டுவிடும்.

2014-ல் லாபக் கணக்கைக் கூட்டிக் காட்டிய விவகாரம் வெடித்தது. அந்த ஆண்டே யூனிலீவரிலிருந்து டேவ் லூயிஸ் தலைமைக்கு வந்தார். 2015-ல் விளம்பரம் பி.பி.எச். நிறுவனத்திடம் போனது, கைவிடப்பட்டது போலக் கிடந்த 'எவ்ரி லிட்டில் ஹெல்ப்ஸ்' மறுபடி முன்னுக்கு வந்தது. 2017 முதல் 'ஃபுட் லவ் ஸ்டோரீஸ்': யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்காக ஆசையாகச் சமைக்கும் குட்டிக் கதைகள். விலை பற்றி மூச்சில்லை. இதற்கிடையே 2016-ல் 'வுட்சைடு ஃபார்ம்ஸ்' போன்ற பண்ணைப் பெயர்களில் மலிவுச் சரக்கு வந்தது. பண்ணைகளோ கற்பனை. விவசாயிகள் சங்கத்துக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. தேயிலைப் பொட்டலத்துக்குப் பெயர் வைத்த கோஹனின் கடைதானே.

இந்தக் காலத்தின் நல்ல விளம்பரம் என்றால் 2021 ஏப்ரலில் வந்த ஒன்றைச் சொல்வேன். பெருந்தொற்று அடைப்புக்குப் பிறகு இங்கிலாந்தின் பப்கள் வெளிப்புற மேசைகளோடு திறந்த நாள். டெஸ்கோவும் பீர் விற்கிற கடைதான். அன்று அது நாளிதழில் முழுப்பக்கம் எடுத்து, எங்கள் சலுகைகளைப் பற்றிப் பேசாமல் இந்த இடத்தை பப்களுக்காகக் கொடுக்கிறோம், முடிந்தால் உங்கள் பக்கத்து பப்புக்குப் போங்கள் என்றது. கடைசி வரியில் அதே மூன்று சொற்கள். ராட்சசன் வாயிலிருந்து வந்தும் அன்று அது நக்கலாகக் கேட்கவில்லை.

2020 முதல் கதை மீண்டும் விலைக்கே திரும்பிவிட்டது. ஒருபுறம் 'ஆல்டி பிரைஸ் மேட்ச்': எதிராளியின் பெயரைத் தன் அலமாரியிலேயே எழுதி ஒட்டுவது. கோஹன் பார்த்திருந்தால் டை ஊசியைக் கழற்றியிருப்பார். மறுபுறம் 'கிளப்கார்டு பிரைசஸ்', நீலப் பின்னணியில் மஞ்சள் வட்டம். அந்த வட்டம் தங்கள் சின்னத்தைப் போல இருக்கிறது, எங்கள் மலிவுப் பெயரில் டெஸ்கோ குளிர்காய்கிறது என்று லிடில் வழக்குத் தொடுத்தது. 2023-ல் உயர் நீதிமன்றமும் 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் லிடிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. நாடு முழுக்க டெஸ்கோ கடைகளில் அந்த வட்டத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று.

வட்டம்தான் போனது, இரட்டை விலை இருக்கிறது. அலமாரிச் சீட்டில் கார்டு உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு அதைவிடக் கூடுதலாக இன்னொன்று. ஸ்டாம்பு வேண்டாம், எல்லோருக்கும் ஒரே குறைந்த விலை என்று 1977-ல் கண்ணாடிக்கு வெள்ளை பூசிய அதே கடை.